விளிம்பில்தான் பெயிண்ட் போகும்

அந்த மாமா யார் முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை. முழங்கையைப் பார்ப்பார். செருப்பின் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். தோள்பையின் வார் நைந்திருக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம்தான் "சௌக்கியமா?" என்பார். அதையும் என்னிடம் கேட்கிறாரா, என் பையிடம் கேட்கிறாரா என்று தெரியாது. செம்பூரில் அந்தக் கட்டடத்துக்குக் குடிபோன புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வயசான மனுஷன், ஒரு பொம்பளையைக் காலிலிருந்து அளக்கிறாரே என்று.

மாமா என்று கூப்பிடவே முதலில் வாய் கூசியது. நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மா திருநெல்வேலிப் பக்கம். எங்களுக்கு மாமா என்றால் தாய்மாமன், இல்லையென்றால் மாமனார். எதிர்வீட்டுக்காரரை அப்படிக் கூப்பிடுகிற வழக்கமே கிடையாது. ஆனால் அந்தக் கட்டடத்தில் பாலக்காட்டுக் குடும்பங்கள் அதிகம். வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் அவர் மாமா, அவர் மனைவி மாமி. நானும் பழகிக்கொண்டேன். கதவில் அவருடைய நிஜப் பெயர் பித்தளையில் பொறித்திருக்கும், அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

குடிபோன அன்றே அவர் என்ன வேலை பார்த்தவர் என்று தெரிந்துவிட்டது. டெம்போவிலிருந்து மேலே ஏற்றிய ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒரு பள்ளம். தூக்கிவந்த ஆட்கள், அது முன்னாடியே இருந்தது மேடம் என்று இந்தியில் சத்தியம் செய்கிறார்கள். எதிர்வீட்டுக் கதவு திறந்து, வேட்டியும் பனியனுமாக இவர் வந்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. கட்டைவிரலால் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார்.

"இது இன்னிக்கு ஆனது. உள்ள தூசியே இல்லை பாருங்கோ," என்றார். "அதோ கீழ ஒரு கீறல் இருக்கே, அதுல அழுக்கேறிக் கறுத்திருக்கு. அது பழசு. அதை இவா தலையில கட்டப்படாது."

அதையே இந்தியில் அந்த ஆட்களுக்கும் சொன்னார். ஒருத்தன் தலையைச் சொறிந்துகொண்டு, மாடிப்படி வளைவில் இடித்துவிட்டது என்று ஒப்புக்கொண்டான். மாமா இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். அடிபட்ட லாரியையும் காரையும் போய்ப் பார்த்து, எது விபத்தில் ஆன அடி, எது முன்னாடியே இருந்த அடி என்று பிரித்துச் சொல்வதுதான் அவர் ஆயுசு முழுக்கச் செய்த வேலை.

என் வீட்டுக்காரனை இங்கே 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய்விட்டது. அவன் அடிப்பான். சுற்றி வளைத்துச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. குடிக்காமலே அடிப்பான், அதனால் அம்மாவிடம் சொன்னபோது அவள் அதைப் பெரிசாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "ஏட்டி, குடிக்காத பிள்ளைட்டி அவன். ஆபீஸ்ல என்ன டென்ஷனோ. கொஞ்சம் பொறுத்துப் போயேன்" என்றாள். பொறுத்துப் போனேன். காலையில் செம்பூரில் ரயிலேறி, வாஷியில் மாறி, ஐரோலியில் இறங்கி, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதே வழியில் தொங்கிக்கொண்டு திரும்பி வருவேன். பொறுத்துப் போவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டுமே, அதையும் கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொண்டு வருவேன்.

வீட்டுக்குள் நுழைவதைத் தள்ளிப்போட ஒரு இடம் வேண்டியிருந்தது. மாமி காபி தருவாள். அப்படித்தான் அந்த டாங்கிகளைப் பார்த்தேன்.

ஜன்னலோரச் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, இரண்டு கண்ணாடியை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு மாமா உட்கார்ந்திருப்பார். முன்னால் உள்ளங்கை நீளத்தில் ஒரு ராணுவ டாங்கி. பிளாஸ்டிக்தான். பெட்டியில் துண்டு துண்டாக வரும், ஒட்டிச் சேர்க்க வேண்டும். சேர்த்துப் பச்சைப் பெயிண்ட் அடித்தால் கடையில் வைத்த பொம்மை மாதிரி பளபளவென்று ஆகிவிடும். நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். மாமாவுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம். பெயிண்ட் உதிர்ந்து, துருவேறி, சண்டைக்குப் போய்த் திரும்பிவந்த வண்டி மாதிரி அதை அடிபட வைக்க வேண்டும்.

"ஊர் உலகத்துல எல்லாரும் பழசைப் புதுசாக்குவா," என்பாள் மாமி. "இவர் புதுசை வாங்கிப் பழசாக்கறார். என் மிக்ஸிக்கு ஒரு மூடி வாங்கித்தர ஆத்துல நாதியில்லை."

அதற்கு அவர் செய்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதலில் டாங்கி முழுக்கத் துரு நிறத்தில் பெயிண்ட். அது காய்ந்ததும் அதன்மேல், பெண்கள் தலைமுடி கலையாமல் இருக்க அடிப்பார்களே, அந்த ஹேர் ஸ்பிரே. அதற்குமேல் பச்சை. பிறகு தூரிகையைத் தண்ணீரில் தொட்டு மெல்லத் தட்டினால், நடுவில் இருக்கிற ஸ்பிரே கரைந்து, பச்சை செதில் செதிலாகப் பெயர்ந்து துரு வெளியே தெரியும். மாமாவுக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. மாதாமாதம் போய் ஹேர் ஸ்பிரே கேட்கிறவரைக் கடைக்காரப் பெண் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், யாருக்கு அங்கிள் என்று கேட்டிருக்கிறாள். டாங்கிக்கு என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஆனால் ஒரு கீறல் வைப்பதற்குள் அவர் படுத்துகிற பாடு இருக்கிறதே, அப்பப்பா. "ஏறறவன் எந்தக் காலை முதல்ல வைப்பான்?" என்று யோசிப்பார். யோசித்துத் தெரியாவிட்டால் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நாற்காலிமேல் நிஜமாகவே ஏறிப் பார்ப்பார். "இடுப்பு பிடிச்சுக்கும், இறங்குங்கோ" என்று மாமி உள்ளேயிருந்து கத்துவாள். இடதுகால்தான் என்று நிச்சயமான பிறகு, மாமி பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சில் ஒரு துணுக்கைக் கிள்ளி, பழுப்பு நிறத்தில் தோய்த்து, அந்த ஒரு படியின் ஓரத்தில் மட்டும் ஒற்றுவார். பூட்ஸ் உரசி உரசி இரும்பு மின்னுகிற இடத்தில் பென்சில் தூளை விரலால் தேய்ப்பார்.

"புதுசா அழகா இருக்கதை என்னத்துக்கு மாமா இப்பிடிப் பாழாக்குதீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாழாக்கலை. ஓட்டறேன்," என்றார். "ஓடற வண்டிக்குத் தேய்மானம் உண்டு. ஆனா காரணமில்லாம ஒரு கீறல் வைக்கப்படாது. ஒவ்வொண்ணுக்கும், இது எப்படி ஆச்சுன்னு கேட்டா பதில் இருக்கணும்."

நல்லவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவருக்கு இரக்கம் குறைவு. செம்பூர் மார்க்கெட்டில் ஒரு டாக்ஸிக்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டு, அன்றைக்கு நீ எழுதியதால் இன்சூரன்ஸ் பணம் வராமல் என் வண்டியே போச்சு என்று நடுத்தெருவில் வைத்துக் கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது, கையில் காய்ப்பையோடு கூட நின்றேன். மாமா அலட்டிக்கொள்ளவில்லை. "பம்பருக்குள்ள துரு இருந்தது. முந்தாநாள் ஆன அடியில துரு வராது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு விளக்கினார்: "பொய் சொல்றவா அடிபட்ட இடத்தையே பாத்துண்டு பேசுவா. நிஜமா அடிபட்டவா நம்ம மூஞ்சியைப் பாப்பா." அன்று நான் காபிக்கு அவர்கள் வீட்டுக்குள் போகவில்லை.

ஏனென்றால் நானும் கையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவேன். ரயிலில் லேடீஸ் டப்பாவில் கதவு இடித்துவிட்டது மாமி, ஹேண்ட்பேக் வார் இழுத்துவிட்டது மாமி. முழங்கை மறைக்கிற குர்த்தியாகப் பார்த்து வாங்குவேன், மே மாத வெயிலிலும் அதுதான். மாமி உச்சுக்கொட்டி எண்ணெய் எடுத்துத் தருவாள். மாமா டாங்கியிலிருந்து தலையைத் தூக்கமாட்டார்.

அந்த வருஷம் மாட்டுங்காவில் ஒரு ஹாலில் இந்தப் பொம்மை வண்டிக்காரர்கள் எல்லாரும் கூடிக் கண்காட்சி வைப்பதாக இருந்தது. மாமா மழைக்காலம் பூராவும் ஒரே டாங்கியோடு உட்கார்ந்திருந்தார். எல்லாம் முடிந்து, மேலே வார்னிஷ் பூசுவது மட்டும் பாக்கி. நவராத்திரி வந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் மாமா கோயிலுக்குப் போயிருந்தார். மாமி வீட்டில் இருந்த தையல் மிஷின், அரிவாள்மணை, கத்திரிக்கோல் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தாள். இருக்கிற ஒரே வண்டி இந்த டாங்கிதான், அதுவும் அழுக்கும் துருவுமாகக் கிடக்கிறதே, பூஜைக்கு இப்படியா வைப்பது என்று தோன்றியிருக்கிறது. குழாயடியில் காட்டிச் சோப்புப்பொடி போட்டு, நாரால் நன்றாகத் தேய்த்து அலம்பிவிட்டாள். உள்ளே இருந்த ஹேர் ஸ்பிரேக்குத் தண்ணீர் பட்டால் போதாதா, பச்சை மொத்தமும் வழித்துக்கொண்டு போய்விட்டது. அதைக்கூட அவள் அழுக்குப் போகிறது என்றே நினைத்திருக்கிறாள். துடைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, பீரங்கிக் குழாயில் ஒரு சாமந்திப் பூவைச் சொருகி, சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள்.

நான் சுண்டல் வாங்கிப்போக வந்தபோது மாமா அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நினைத்தேன், இன்றைக்கு மாமிக்கு இருக்கிறது என்று. என் வீடாக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் சத்தமே போடவில்லை. பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, டாங்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி பண்ணிரலாமா மாமா?" என்றேன்.

"எதை வச்சுச் சரி பண்றது?" என்றார். "வண்டி தானா அடிபட்டா விளிம்புலதான் பெயிண்ட் போகும். மூலை, படி, மூடியோட ஓரம். நடுவுல போகாது. நடுவுல போச்சுன்னா அது வண்டி பண்ணினதில்லை. கை பண்ணினது."

பூஜைக்கென்று புடவை கட்டியிருந்தேன். ரவிக்கைக் கை முக்கால்வாசியை மறைத்தது.

அவர் டாங்கியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ட்ரெயின் கதவு இடிச்சா முழங்கையில படும். தோள் மூட்டுல படும். கையோட உள்பக்கம் படாது. அது நடு."

"எப்ப இருந்து தெரியும்?" என்றேன்.

"ஃப்ரிட்ஜை ஏத்தினேளே, அன்னிக்கே. உன் கையிலயும் ரெண்டு இருந்தது. ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு."

"அப்ப இத்தனை நாள் ஏன் மாமா ஒரு வார்த்தை கேக்கல?"

"க்ளெயிம் வராம சர்வேயர் போகப்படாது," என்றார். "நீ ஒண்ணும் சொல்லலியே."

"நான் என்ன லாரியா மாமா?" என்று கேட்டேன். கேட்டேனா கத்தினேனா தெரியாது, மாமி அடுக்களை வாசலில் சுண்டல் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். அதை வாங்காமலே வந்துவிட்டேன்.

எனக்கு அவன்மேல் வந்ததைவிட மாமாமேல் அதிகக் கோபம் வந்தது. அவனாவது தான் செய்வதை மறைத்தான். இவர் எல்லாம் தெரிந்துகொண்டு, எதிரே உட்கார்ந்து, என் முன்னாலேயே பொம்மைக்குக் காயம் வைத்துக்கொண்டிருந்தாரே. கண்காட்சிக்கு அவர் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். போகாவிட்டால் என்ன என்று இருந்தது. அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் ஒன்று நடந்துவிட்டது. யாருக்கும் தெரியாது என்ற நினைப்பில்தான் நான் அதுவரை பொறுத்துக்கொண்டிருந்தேன். ஒருத்தருக்குத் தெரியும் என்று ஆனபின் பொறுத்துப் போவது கஷ்டமாக இருந்தது. ராத்திரி படுத்தால் எது பழசு, எது புதுசு என்று நானே என் உடம்பைப் பார்க்க ஆரம்பித்தேன்.

தீபாவளி கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குச் சட்னி அரைக்க நேரமாகிவிட்டது, அவ்வளவுதான் விஷயம். அவன் கை இந்தத் தடவை கழுத்துக்கு வந்தது. எப்படி உதறினேன் என்று நினைவில்லை. எதிர்வீட்டு மணியில் வைத்த விரலை எடுக்கவில்லை. மாமா கதவைத் திறந்தார்.

"நான் சொல்லுதேன் மாமா," என்றேன். "இப்ப சொல்லுதேன். வாங்க."

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு, பாக்கெட்டில் பேனாவைச் சொருகி, ஒரு டார்ச் லைட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் நேராக எங்கள் வீட்டுக்குள் நடந்தார்.

அவன் சிரித்த முகமாக வந்தான். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா சார். சோப்புத் தண்ணி. பயந்து போயிட்டா."

"அப்படியா," என்றார் மாமா. "பாத்ரூமைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அவன் பதில் சொல்வதற்குள் போய்விட்டார். நானும் பின்னால் போனேன். டார்ச்சை அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். குனிந்து தரையை உள்ளங்கையால் தொட்டார். குழாயின் உயரத்தைத் தன் இடுப்போடு வைத்துப் பார்த்தார். வாளியை நகர்த்தினார். ஒரு லாரிக்கு எவ்வளவு நேரம் எடுப்பாரோ, அவ்வளவு நேரம் எடுத்தார். அவன் வாசலில் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தான்.

"தரை காஞ்சு கிடக்கு," என்றார் மாமா வெளியே வந்து. "ஈரம்னே வச்சுண்டாலும், இங்க விழுந்தா பைப் இடுப்புல இடிக்கும். பின்னந்தலை அந்தச் செவுத்துல இடிக்கும். கழுத்துல படறதுக்கு இங்க ஒண்ணுமே இல்லையே."

"யோவ், யாருய்யா நீ?" என்று அவன் ஆரம்பித்தான்.

"நீங்க அவ கழுத்தையே பாத்துண்டு பேசறேள்," என்றார் மாமா. கோபமே இல்லாமல்தான் சொன்னார். அவன் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழித்தான். அதற்குள் மாமி வந்து என் முதுகில் கையை வைத்து, "பையை எடுத்துக்கோ. நம்மாத்துக்கு வா" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் மாமா வந்தார். மாமி என் கையைத் திருப்பிக் காட்ட, எது பழசு, எது புதுசு, எது விரல், எது பெல்ட் என்று அவர் தள்ளியிருந்து வரிசையாகச் சொன்னார். போலீஸ்கார அம்மாள் எழுதிக்கொண்டாள். ஒரு லாரியைச் சொல்கிற மாதிரியேதான் என்னைச் சொன்னார். எனக்கு மானம் போனது. ஆனால் ஒரு இடத்தைக்கூட அவர் விடவில்லை. நானே மறந்துபோயிருந்த ஒன்றையும் சொன்னார், எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

அதன்பிறகு கோர்ட்டு, வக்கீல், அம்மாவின் புலம்பல் எல்லாம் இழுத்து இழுத்து ஒருவழியாக முடிந்தது. இப்போது கோபர்கைரனேயில் தனியாக ஒரு சின்ன வீடு. களைப்பு மட்டும் போகவில்லை. அது இந்த ஊரோடு வந்தது என்று விட்டுவிட்டேன். மாமாமேல் இருந்த கோபமும் போகவில்லை. நன்றி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம், இரண்டையும் வைத்துக்கொண்டு எப்படி ஒருத்தரைப் பார்க்கப் போவது? போன் செய்வேன், மாமியிடம் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

கட்டடத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள், கோயம்புத்தூரில் மகளோடு போய் இருக்கப்போகிறோம் என்று மாமி சொன்ன பிறகுதான் போனேன்.

வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாகிவிட்டது. அந்த ஆயுத பூஜை டாங்கி மட்டும் அலமாரியில் முன்வரிசையில் இருந்தது. நடுவில் வழித்த பெயிண்டும், ஆணி இடுக்கில் கொஞ்சம் குங்குமமும் அப்படியே. அவர் அதைச் சரிசெய்யவே இல்லை.

"இந்த மனுஷனால மானம் போறதுடி," என்று மாமி குசுகுசுத்தாள். "இப்பல்லாம் யாரைப் பாத்தாலும், இது எப்படி ஆச்சு, அது எப்படி ஆச்சுன்னு கேக்கறார். லிஃப்ட்ல ஒருத்தி சண்டைக்கே வந்துட்டா. வாட்ச்மேன் நெத்தியில பிளாஸ்திரி போட்டிருந்தான், அவன் ஆம்படையாளுக்குப் போன் பண்ணி விசாரிச்சிருக்கார்."

மாமா ஜன்னலோரத்தில் வேறொரு டாங்கியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தார், பழையபடியே. செருப்பை, பை வாரை, அரைக்கைக் குர்த்திக்கு வெளியே தெரிந்த என் கைகளை. ரயில் கூட்டத்தில் உரசி இரண்டு முழங்கையும் கறுத்துத் தோல் தடித்திருந்தது. ஒரு கையைத் திருப்பச் சொல்லி விரலால் சைகை காட்டினார், திருப்பினேன்.

"பரவால்லை," என்றார். "எல்லாம் விளிம்புலதான் இருக்கு."

மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார். நான் முகம் கழுவுகிறேன் என்று பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துப்பட்டாவை வைத்துக்கொண்டு அழுதேன். அந்த மனுஷன் என்னிடம் அதற்குமுன் ஒரு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

வெளியே வந்ததும் மாமி பிடித்துக்கொண்டாள். "என்னடி இது, கண்ணெல்லாம் செவந்திருக்கு?"

"சோப்பு பட்டிருச்சு மாமி."

"சோப்பு பட்டா ஒரு கண்ணுதான் செவக்கும்," என்றார் மாமா. தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கண்ணாடியையும் கழற்றினார். "என்ன ஆச்சு, சொல்லு" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.